கரும்பு வில்லும் 16 வயதும்

கேள்வி: எங்கள் தோட்டத்து நாடகத்துக்காக, அமானுஷ்ய சக்தி படைத்த ஒரு மனிதப் பாத்திரத்தைச் சிருஷ்டிக்க விரும்புகிறேன். எத்தனை சக்திகளை அளிக்கலாம்?
– ஒரு வாசகர், டிக்கோயா

பதில்: ஒன்றே போதும், ஆனால் அதற்கு ஓர் எல்லை வேண்டும். மாசி மாதத்தில் தங்கள் மலைநாட்டு லயங்களிலே தப்பு முழங்க ஆடப்படும் காமன் கூத்தைக் கூர்ந்து கவனியுங்கள்: கரும்பு வில்லும் மலர்க்கணையுமே ஆயுதமாகக் கொண்டு சகல ஜீவன்களையும் வசப்படுத்தவல்ல மன்மதன், சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் ஒரு கணத்தில் சாம்பலாகி, ரதி புலம்பி வேண்டியதன்பேரில் மீண்டும் உயிர் பெறும்போதும், அவள் ஒருத்தியின் கண்ணுக்கே புலப்படுவான் என்ற நிபந்தனையோடுதான் எழுகிறான். என் அபிப்பிராயத்தில் அந்த நிபந்தனையே கதையின் ஜீவநாடி.

மன்மதன் தேவனாயிற்றே என்பீர்களாயின், மனிதராய்ப் பிறந்த பொன்னர், சங்கர் என்னும் சகோதரர்களின் கூத்தைப் பாருங்கள். எதிரிகள் அஞ்சும் அவ்வீரர்களுக்கு விதித்த ஆயுள் 16 வயது. வரப்போகும் தீங்கை முன்கூட்டியே உணரும் அவர்களுடைய தங்கைக்கோ அதைத் தடுக்கும் ஆற்றல் இல்லை. சபையோர் விடிய விடிய விழித்திருப்பது இதற்காகத்தான்.

ஆகவே, தங்கள் நாயகனால் இயலாதது இன்னதென்று முதலில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே அவனுக்குச் சக்தியை வழங்குங்கள். வருகிற மாசிக்குள் முடித்து, தங்கள் தோட்டத்திலேயே அரங்கேற்றுங்கள்.