பசுவைத் தலைமுழுகியவர்கள்

லண்டனில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை. கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனதும், ‘பிங்க் ஃப்ளாய்ட்’ என்று எழுதிய பெட்டிக்குள் சண்டை மூண்டது. ஒரு பக்கம், 1970இல் வந்த ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ அட்டையில் திரும்பிப் பார்த்தபடி நிற்கும் பசு, மூன்றாம் லூலுபெல். இன்னொரு பக்கம், 1973இல் வந்த ‘தி டார்க் சைடு ஆஃப் த மூன்’ அட்டையின் முப்பட்டகம். ஒரே ராக் குழு பெற்ற பிள்ளைகள்தாம். ஆனால் மூத்ததைப் பற்றி யாராவது விசாரித்தால் பெற்றவர்களுக்கு முகம் கடுத்துவிடும்.

“தாங்கள் சற்று நகர வேண்டும். என் ஒளிக்கற்றை தங்கள் வாலில் படுகிறது,” என்றது முப்பட்டகம். அதற்கு எப்போதும் அச்சுத் தமிழ்தான்.

“நான் உனக்கு மூணு வருஷம் மூத்தவ. நீ நகரு தம்பி.”

“வயதில் மூத்தவர், சரி. மதிப்பில்? குழுவின் கிட்டார்க்காரர் டேவிட் கில்மரே தங்களைக் குப்பை என்று சொல்லிவிட்டார். பத்து லட்சம் பவுண்டு கொடுத்தாலும் அதை மேடையில் வாசிக்க மாட்டேன் என்றார் அதே குழுவின் ரோஜர் வாட்டர்ஸ். அட்டையில் குழுவின் பெயரைப் போடக்கூடக் கூசியிருக்கிறார்கள்!”

“உன் அட்டையில மட்டும் போட்டிருக்காங்களா?”

முப்பட்டகம் தன்னை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டது. இல்லை.

“பிரிட்டன்ல அவங்களுக்கு மொத மொதல்ல நம்பர் ஒன் வாங்கிக் குடுத்தது நான். நீ வந்தப்போ எத்தனாவது இடம்?”

“அமெரிக்காவில் முதலிடம். பில்போர்டு பட்டியலில் 700 வாரங்களுக்கு மேல்...”

“பிரிட்டன்ல கேட்டேன்.”

“இரண்டு.”

தோற்ற வக்கீல் போல முப்பட்டகம் வேறு கட்டைப் பிரித்தது. பசுவின் தட்டில் தாளம் தடுமாறுகிறதாம். தடுமாறுகிறது என்பது உண்மைதான், கேட்டவர்களுக்குத் தெரியும். அதற்குக் காரணமும் உண்டு. அபே ரோடு ஸ்டுடியோவுக்குப் புதிதாக எட்டு டிராக் இயந்திரம் வந்திருந்த நேரம். டேப்பை வெட்டி ஒட்டக் கூடாதென்று இசைத்தட்டு நிறுவனமான ஈ.எம்.ஐ. உத்தரவு போட்டது. தலைப்புப் பாடலோ 23 நிமிடத்துக்கு மேல். டிரம்ஸையும் பேஸ் கிட்டாரையும் நிக் மேசனும் வாட்டர்ஸும் ஒரே மூச்சில் வாசித்து முடிக்க வேண்டியதாயிற்று.

“அப்புறம் டேப்பை ரான் கீசின் தலையில கட்டிட்டு அமெரிக்கா டூருக்குக் கெளம்பிட்டாங்க,” என்றது பசு. “டிரம்பெட்காரங்களுக்கும் கோரஸுக்கும் எழுதினது அந்த மனுஷன். வேலையை அவர்கிட்ட விட்டாங்க, பழியை என் மேல போட்டாங்க.”

“இரண்டாம் பக்கத்துக்கு என்ன சமாதானம்? குழுவின் மேடை உதவியாளர் ஆலன் காலைப் பலகாரம் செய்கிறார், முட்டை பொரிகிறது, குழாய் சொட்டுகிறது. அந்தச் சொட்டும் தட்டின் கடைசிக் கீறலில் போய் மாட்டிக்கொண்டு, ஊசியைத் தூக்கும்வரை ஓய்வதில்லை. இதுவா இசை?”

“உன் தட்டுல கல்லாப்பெட்டி சத்தம் கேட்டா கலை. என் தட்டுல முட்டை பொரிஞ்சா குப்பை. அப்படித்தானே?”

இதற்கு முப்பட்டகத்திடம் பதில் இல்லை.

“தலைமுழுகறதையாவது ஒழுங்கா செஞ்சாங்களா? ஜெர்மனியோட கிராஃப்ட்வெர்க் குழுவைப் பாரு. மொத மூணு ஆல்பத்தையும் ஓரங்கட்டிட்டு, 2009 தொகுப்பையே ‘ஆட்டோபான்’ல இருந்துதான் ஆரம்பிச்சாங்க. தி கிளாஷ் குழுக்காரங்க 2013ல பெட்டி போட்டப்போ, 1985ல வந்த ‘கட் த கிராப்’பைச் சேர்க்கவே இல்ல. அது ரோஷம்! நம்மாளுங்க 1994ல என்னை ரீமாஸ்டர் பண்ணினாங்க, 2011ல மறுபடியும் பண்ணினாங்க. பேட்டியில நான் அநாதை, ராயல்டி வாங்கறப்போ மட்டும் பெத்த புள்ள.”

“ஆயினும் மேடையில் மீண்டும் ஏற்றவில்லையே!”

“2008 ஜூன்ல, இதே லண்டன்ல, கடோகன் ஹால்ல கீசின் என்னை வாசிக்க வச்சாரு. ரெண்டாம் நாள் கிட்டாரோட வந்து நின்னது யாரு தெரியுமா?”

“யார்?”

“கில்மர்.”

முப்பட்டகம் சற்று யோசித்தது. “பத்து லட்சம் பவுண்டு கொடுத்திருப்பார்களோ?”

“அது ரோஜரோட ரேட் தம்பி.”