கழுத்தும் உத்தியோகமும்

சமீப காலமாக எங்கள் காரியாலயத்தில் எனக்குக் கம்பீரம் கூடிவிட்டதாக ஓர் அபிப்பிராயம் பரவியிருக்கிறது. முன்பெல்லாம் யாராவது பக்கத்திலிருந்து பெயர் சொல்லி அழைத்தால் சடக்கென்று திரும்பி, அவசியமில்லாத ஒரு சிரிப்பையும் சிரித்துவைக்கும் வழக்கமுள்ள நான், இப்போது சுழல் நாற்காலியோடு கூடத் தோள், மார்பு, வயிறு முதலிய சகல பரிவாரங்களுடனும் நிதானமாகத் திரும்பி, அழைத்தவரை ஒரு கணம் நேருக்கு நேர் நோக்கிவிட்டுத்தான் 'என்ன?' என்று வினவுகிறேன். மேலதிகாரி சொல்வதற்கெல்லாம் தலையசைக்கும் பழக்கமும் என்னை விட்டுப் போய்விட்டது. கூட்டங்களில் மற்றவர்கள் எல்லாரும் ஆமோதித்துத் தலையாட்டிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் அசையாமல் வீற்றிருப்பதைப் பார்த்து, இவருக்கு ஏதோ மாறுபட்ட கருத்து இருக்கிறது போலும் என்று எண்ணி, அதிகாரியே என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சார் நினைக்கிறீங்க?" என்று கேட்கும் நிலைமை ஏற்பட்டிருக்கிறது. உத்தியோகத்தில் அமர்ந்த நாள் முதலாக எனக்குக் கிட்டாதிருந்த இந்த மரியாதைக்கு என் அறிவோ அனுபவமோ காரணமல்ல. வலது பிடரியில் குடியேறி, அங்கிருந்து நெற்றிப்பொட்டு வரையில் போக்குவரத்து நடத்திவருகிற ஒரு வலிதான் காரணம்.

மனித சிரசின் எடை சுமார் 5 கிலோ. இதைத் தாங்குவதற்குப் பகவான் கழுத்தில் 7 எலும்புகளைக் கொடுத்திருக்கிறார். ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே ஏழுதான் என்று பிராணி சாஸ்திரம் கூறுகிறது. ஆனால் அது அண்ணாந்து இலை தின்னும் ஜீவனாகையால், குனிந்து வரவு செலவு சரிபார்க்கும் துர்ப்பாக்கியம் அதற்கு நேரவில்லை. ஏழில் உச்சியில் இருக்கும் எலும்புக்கு, வானத்தைத் தோளில் தாங்கும்படி தண்டிக்கப்பட்ட கிரேக்க புராணத்து அட்லஸின் பெயரை உடற்கூற்று நூலார் சூட்டியிருக்கிறார்கள். அவர்களும் மேஜை உத்தியோகஸ்தர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். தலை நிமிர்ந்திருக்கும் வரையில் பாரம் தெரிவதில்லை. முன்னால் சாயச் சாயத்தான் அது பெருகுகிறது. கென்னத் ஹன்ஸ்ராஜ் என்னும் அமெரிக்க முதுகெலும்பு வைத்தியர் 2014இல் இதைக் கணக்கிட்டு, 60 டிகிரி குனிந்தால் கழுத்தின்மேல் விழும் பாரம் ஏறக்குறைய 27 கிலோ என்று வெளியிட்டார். ஆகவே, பஸ்ஸிலும் ரெயிலிலும் கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு தலை கவிழ்ந்திருக்கும் நம்மவர் ஒவ்வொருவரும், ஒரு சிப்பம் அரிசியைப் பிடரியில் ஏற்றிக்கொண்டு, கூலியும் கேட்காமல் பிரயாணம் செய்கிறவர்களே ஆவர்.

இது இந்தக் காலத்து வியாதி என்று எண்ணுவதற்கில்லை. இத்தாலி தேசத்தில் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற வைத்தியர் 1700ஆம் ஆண்டிலேயே தொழில்களால் வரும் வியாதிகளைப் பற்றி லத்தீன் மொழியில் ஒரு நூல் இயற்றி, அதில் சுரங்கத் தொழிலாளர், குயவர் முதலியோருக்கு இடம் கொடுத்து, 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களையும் சேர்த்திருக்கிறார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டிருப்பது, கணக்கில் பிழை நேர்ந்துவிடக் கூடாதே என்ற மனக்கவலை ஆகிய மூன்றும்தான் அவர்களுடைய உபாதைக்கு மூலம் என்பது அவர் கண்ட முடிவு. முந்நூறு வருஷங்களுக்குப் பிறகும் அதில் நான் திருத்தக்கூடியது ஒன்றுமில்லை. நம் ஊர் மண்டிகளில் சம்மணமிட்டு உட்கார்ந்து கணக்கெழுதிய பிள்ளைமார்களாவது, சாய்வான மேற்பலகை கொண்ட ஒரு சிறு மேஜையை எதிரில் வைத்துக்கொண்டார்கள். காகிதம் சற்று நிமிர்ந்து கண்ணை நோக்கி வந்தது. மடிக்கணினியைக் கண்டுபிடித்த மகானுபாவர்களோ, எழுத்துப் பலகையையும் திரையையும் ஒன்றாகப் பூட்டிவிட்டார்கள்; கைக்குச் சௌகரியமான உயரத்தில் வைத்தால் கழுத்துக்கு ஆகாது, கழுத்துக்குச் சௌகரியமான உயரத்தில் வைத்தால் கைக்கு எட்டாது. இரண்டுக்கும் நடுவில் மனிதன் வளைகிறான்.

கழுத்து வலித்தால் கழுத்தோடு நிற்க வேண்டியதுதானே, நெற்றியில் என்ன வேலை என்று நான் வைத்தியரைக் கேட்டதுண்டு. கழுத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் நரம்புகளும், முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுவரும் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஓரிடத்தில் வந்து கலக்கின்றனவாம். வந்த செய்தி எங்கிருந்து வந்தது என்று மூளைக்குப் புரியாமல், பிடரியின் குற்றத்தைக் கண்ணின் மேலும் நெற்றியின் மேலும் சுமத்திவிடுகிறதாம். இந்தக் குழப்பத்தினால் நேரடியாக லாபம் அடைகிறவர் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். தலைவலி என்றவுடனே எல்லாரும் முதலில் ஓடுவது அவரிடந்தான். எனக்கு வெள்ளெழுத்துக்காகக் கீழ்ப்பாதியில் படிக்கும் வில்லை பதித்த கண்ணாடி ஒன்று செய்துகொடுத்தார்கள். புத்தகம் படிக்க அது உத்தமமானது. ஆனால் கணினித் திரை மடியில் இல்லாமல் முகத்துக்கு எதிரே இருப்பதால், கீழ்ப்பாதி வழியாக அதைப் பார்க்க வேண்டுமானால் மோவாயை மேலே தூக்கியாக வேண்டும். இவ்விதமாக, அதுவரையில் குனிந்து நொந்த கழுத்து, அதற்கு மேல் அண்ணாந்தும் நோகக் கற்றுக்கொண்டது. கம்பீரமும் ஒரு படி உயர்ந்தது.

வைத்தியம் சொல்லாத மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. தலையணையே வைத்துக்கொள்ளக் கூடாது என்று கணக்குப் பிரிவு நண்பர் சொன்னார். கழுத்துக்கு ஒன்று, தலைக்கு ஒன்று என்று இரண்டு வைத்தால்தான் விமோசனம் என்று அவருக்கு அடுத்த மேஜைக்காரர் சொன்னார். "ஏண்டா, நொச்சி இலையை உலர்த்தித் தலையணையில அடைச்சுப் படுத்தா போகாத தலைவலியா?" என்று அத்தை ஒரு தலையணை தைத்தே அனுப்பிவிட்டாள். நீர்க்கோவை மாத்திரையை வெந்நீரில் இழைத்து நெற்றியில் பற்றுப் போட வேண்டும் என்று மாமனார் வற்புறுத்தினார். பற்றோடு நான் வாசலுக்குப் போனபோது, கூரியர் பையன் என்னைப் பெரிய பக்திமான் என்று எண்ணி இரண்டு கைகளாலும் பொட்டலத்தை நீட்டினான். அதுவும் ஒரு மரியாதைதான்.

தைலங்களைப் பற்றி மட்டும் நான் குறைவாகப் பேச மாட்டேன். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலு 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். அந்த மஞ்சள் மருந்து பிற்பாடு சென்னைக்குக் குடிபெயர்ந்து நம்முடையதாகவே ஆகிவிட்டது. அதே பெருமகனார்தான் 1908இல் ஆந்திர பத்திரிகையையும் ஸ்தாபித்தார். தலைவலியைப் போக்கும் மருந்தையும், தினந்தோறும் தலைவலியை உண்டாக்கவல்ல பத்திரிகைத் தொழிலையும் ஒருவரே கையாண்டதில் உள்ள தீர்க்கதரிசனத்தை எண்ணி, மயிலாப்பூரில் அவர் பெயரால் விளங்கும் பூங்காவைக் கடக்கும்போதெல்லாம் மனத்துக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். தலையைத் தாழ்த்த முடியாது. தைலத்தில் உள்ள மெந்தால் உண்மையில் எதையும் குளிர்விப்பதில்லை, குளிர்ச்சியை அறியும் நரம்பு நுனிகளைத் தட்டியெழுப்பிக் குளிர்வதாக நம்பவைக்கிறது என்று சாஸ்திரக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். மாலை ஐந்து மணிக்கு, திரையில் எழுத்துகள் நீந்தத் தொடங்கும் நேரத்தில், நம்பவைப்பதற்கு ஒருவர் இருப்பதே பெரிய அனுக்கிரகம்.

ஆனால் சலூனில் முடி வெட்டி முடித்ததும், நாம் எதிர்பாராத சமயத்தில் மோவாயையும் உச்சியையும் பிடித்து வெடுக்கென்று திருப்பிச் சொடுக்கு எடுக்கிறார்களே, அதைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை கிடையாது. மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டுத் துவாரங்கள் வழியாகத்தான் ஏறுகின்றன. பலமான திருகலில் அவை கிழிந்து பக்கவாதம் வரையில் போகக்கூடும். அந்தச் சத்தம் காதுக்கு இனியது என்பதற்காக அவ்வளவு பெரிய விலை கொடுக்க நான் தயாரில்லை.

எக்ஸ்ரேயில் 'தேய்மானம்' என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் ஒரே கலவரம். வைத்தியர் மட்டும் சிரித்துக்கொண்டே, ஐம்பதைத் தாண்டிய பெரும்பாலோருக்கு, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், படத்தில் தேய்மானம் தெரியத்தான் செய்யும் என்றார். இருந்தும் சில நாட்களுக்குக் கழுத்துப் பட்டை அணிய அனுமதி கிடைத்தது. அந்த நாட்களை நான் மறக்க மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத வலியை யாரும் நம்புவதில்லை. ஆனால் ஒரு வெள்ளைப் பட்டையைக் கட்டிக்கொண்டவுடனே பஸ்ஸில் இடம் கொடுக்கிறார்கள், கான்டீனில் காப்பி மேஜைக்கு வருகிறது, நிலுவைக் கோப்புகள் தாமாகவே வேறு மேஜைகளுக்குப் போய்ச் சேருகின்றன. பட்டையை நெடுநாள் அணிந்தால் கழுத்துத் தசைகள் வேலை மறந்து பலவீனப்படும் என்று சொல்லி வைத்தியர் அதைக் கழற்றவைத்தபோது, பதவியிலிருந்து நீக்கப்பட்டவனாகவே வீடு திரும்பினேன். மாத்திரைக்கும் அவர் வரம்பு கட்டினார். சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாளும் அதற்கு மேலும் என்று மாதக்கணக்கில் விழுங்கிவந்தால், மாத்திரையே தலைவலியை உண்டாக்குமாம். கடன் தீர்க்கக் கடன் வாங்கும் குடும்பங்களைக் கண்டவனாகையால் இதை நான் உடனே நம்பினேன்.

கடைசியில் எனக்குப் பலன் கொடுத்த வைத்தியத்தில் கௌரவம் என்பது மருந்துக்கும் இல்லை. என் மகள் வயதுள்ள இயன்முறை மருத்துவர் ஒருவர், "தாடையை உள்ளே இழுங்க சார், தலையைப் பின்னால கொண்டுபோங்க," என்று ஒரு பயிற்சியைச் சொல்லித்தந்து, அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து நடக்கும்படியும், திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் ஒரு கை தூரத்தில் இருக்கும்படி உயர்த்தித் தனியாக ஓர் எழுத்துப் பலகை வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார். உயர்த்துவதற்குப் பீடம் வேண்டுமே! அலமாரியில் யாரும் திறந்து பார்த்திராத சுற்றறிக்கைத் தொகுப்புகள் நாலு பாகம் இருந்தன. அவற்றை அடுக்கித் திரையை மேலே ஏற்றினேன். எங்கள் காரியாலயத்துச் சுற்றறிக்கைகளால் ஓர் ஊழியன் தலைநிமிர்ந்தது அதுவே முதல் தடவை. தாடைப் பயிற்சியைத்தான் யாரும் மதிப்பதில்லை; முகத்தில் இரட்டைத் தாடை தோன்ற, யாரையோ கண்டு அருவருப்பவனாக நான் பின்வாங்குவதைப் பார்த்து, எதிர் மேஜைக்காரர் தம் சட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். வலி அடியோடு போய்விடவில்லை. மாதாந்தரக் கணக்கு முடிக்கும் வாரத்தில் தவறாமல் வந்து விசாரித்துவிட்டுப் போகிறது.

வாசகர்களில் யாருக்காவது கைவிரல் மரத்துப்போவதும், பிடி தளர்வதும், நடை தள்ளாடுவதும் கழுத்துவலியோடு சேர்ந்து வருமானால், அல்லது முன்பு கண்டறியாத கடுந்தலைவலி திடீரென்று தாக்குமானால், கட்டுரை படித்துக்கொண்டிராமல் அன்றைக்கே வைத்தியரிடம் போய்விட வேண்டும். மற்றபடி, என்மேல் இரக்கம் கொண்டு சிகிச்சை சொல்ல விரும்பும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தைலம் எதுவானாலும் தாராளமாக அனுப்பலாம்; தலையணை மட்டும் வேண்டாம், வீட்டில் வைக்க இடமில்லை.