டர்க்கி காலும் மல்லாரியும்

மிசௌரி மாநிலம்,
ஓசார்க் குன்றுகளின் அடிவாரம்,
ஏப்ரல் மாதத்துக் கடைசி ஞாயிறு.

சிதம்பரம் மேல வீதியில் எழுந்தருளியிருக்கும் மாமா அவர்களுக்கு, மருமகன் எழுதிக்கொண்ட அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தை நேற்றே தங்கள் வாய்மொழியாகத் தெரிந்துகொண்டிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குக் காபி சாப்பிட்ட கையோடு தாங்கள் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் ஒரு வார்த்தையும் பேசாமல் துண்டித்துவிட்டபடியால் அந்தப் பாக்கியம் கைகூடாமற் போயிற்று. அந்த அபசாரத்துக்கு மன்னிப்புக் கேட்பதும், அதைக் காட்டிலும் அவசரமாக, நான் மாமிசம் புசிக்கத் தலைப்பட்டுவிட்டேன் என்று கடலூர் முழுவதும் பரவியிருக்கும் அபவாதத்தைத் துடைப்பதுமே இந்தக் கடிதத்தின் நோக்கங்கள்.

அபவாதத்தின் பூர்வோத்தரம் இது. தங்கை மகள் கல்யாணத்துக்காகத் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்திருக்கும் என் சகதர்மிணி, பத்து நாளைக்கு முன் என்னிடம் பேசியபோது, “சாயங்காலம் என்ன வேலை?” என்று சாதாரணமாகக் கேட்டாள். நானும் சாதாரணமாக, “பக்கத்து வீட்டுப் பெரியவரோடு டர்க்கி கால் வாங்கப் போகிறேன்” என்றேன். ஆங்கிலத்தில் ‘கால்’ என்றால் கூப்பிடுவது, கூப்பிட உதவும் கருவிக்கும் அதுவே பெயர் என்பதை நான் விளக்கத் தொடங்குவதற்குள், ஏழு தலைமுறையாகப் புலால் மணம் அறியாத ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அந்த உத்தமி, வான்கோழியின் துடையை நான் கடித்துக்கொண்டிருப்பதாகவே மனக்கண்ணில் கண்டு தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டாள். அன்று இருட்டுமுன் செய்தி மஞ்சக்குப்பத்தை எட்டியிருக்கும். மறுநாள் காலைப் பஸ்ஸில் ஏறிச் சிதம்பரத்துக்கும் வந்திருக்கும். இனி இந்தக் கடிதம் முடியுமட்டும் அந்தக் கருவியைக் ‘கூவி’ என்றே எழுதுகிறேன். காலால் பட்டது போதும்.

இந்த ஊரில் வசந்தகாலம் பிறந்தால் மூன்று வாரத்துக்கு வான்கோழி வேட்டை. நம்மூரில் கிறிஸ்துமஸுக்காகக் கொல்லையில் வளர்க்கும் கனத்த உருப்படியை நினைத்துக்கொள்ள வேண்டாம். காட்டு வான்கோழி இரவில் மரத்தின் உச்சிக்கிளையில் தங்குவது. துரத்தினால் சிறிது தூரத்துக்கு மணிக்கு ஐம்பது மைல் வேகத்தில் பறக்க வல்லது. கண்ணோ நம்மூர் வட்டிக்கடைக்காரரின் கண்ணைவிடக் கூர்மையானது. ஒரு காலத்தில் சுட்டே தீர்த்துவிட்டு, பிறகு புத்தி வந்து வேட்டையை நிறுத்தி, காட்டுக்குக் காடு பறவைகளைக் கொண்டுபோய் விட்டுப் பெருக்கி, 1960ஆம் வருஷம்தான் இந்த மாநிலத்தில் மறுபடியும் வேட்டைக்கு அனுமதி கொடுத்தார்களாம். வசந்தத்தில் சுடத் தக்கது, மார்பில் தாடி போலத் தொங்கும் ரோமக் கற்றையுள்ள பறவை, அதாவது பெரும்பாலும் சேவல்தான். அந்தச் சேவலைத் தேடிப் போகக் கூடாது. அதுவாகத் தேடி வரச் செய்ய வேண்டும். அதற்காக மனிதன் பெட்டைக்கோழியின் குரலில் கூவுகிறான்.

இங்கேதான் சம்பிரதாயச் சிக்கல் ஒன்று இருக்கிறது. வான்கோழி ஜாதியில் விடியற்காலையில் சேவல் மரத்திலிருந்து ‘களகளகள’ என்று முழங்கும்; பெட்டைகள்தாம் அந்தக் குரலை நாடிப் போகும். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது அவர்கள் வழக்கம். வேட்டைக்காரனோ மரத்தடியில் உட்கார்ந்தபடி, “மாப்பிள்ளை, நீங்கள்தான் பெண் பார்க்க வர வேண்டும்” என்று நம்முடைய வழக்கத்தை அதற்குக் கற்பிக்கப் பார்க்கிறான். ஓரிரு தரம் மெல்லக் கூவினால், என்ன பெண்ணோ என்று மாப்பிள்ளை இறங்கி வருவார். ஆத்திரப்பட்டு ஓயாமல் கூவினாலோ, பெண் வீட்டார் அவசரத்தில் இருக்கிறார்கள், அவர்களே வரட்டும் என்று எண்பது கஜ தூரத்தில் தோகையை விரித்து, இறக்கையைத் தரையில் உரசி, முறுக்கிக்கொண்டு நின்றுவிடுவார். அந்த மாப்பிள்ளை முறுக்கைத் தளர்த்தும் நயம் எந்தக் கூவியில் இருக்கிறது என்பதே இங்கே பெரியவர்கள் தலைநரைக்கும்வரை தர்க்கிக்கும் விஷயம்.

பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எழுபத்தெட்டு வயது. காது மந்தமாகி வருகிறது. ஒருநாள் அவர் பழைய கூவியைத் தேய்த்தபோது, “சுருதி சற்றே கீழே இறங்கியிருக்கிறது” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். என்னைப் பிடித்துக்கொண்டார். இதற்கெல்லாம் மூலகாரணம் தாங்கள்தாம். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் தேருக்கு முன்னால் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நாகஸ்வரக்காரர் பின்னாலேயே நடந்து என் காதைக் கெடுத்தது யார்?

கடையில் ஒரு சுவர் முழுவதும் கூவிகள். முதலில் பெட்டிக்கூவி. தேவதாரு மரத்தில் சிறு படகைப் போலக் குடைந்த பெட்டி, அதன்மேல் ஒரு முனையில் திருகாணி போட்ட மூடி. மூடியின் அடியில் சாக்குக்கட்டியைத் தடவிப் பெட்டியின் விளிம்பில் இழுத்தால் ‘கியாவ், கியாவ்’ என்று பெட்டைக்கோழி பேசும். பக்கத்து ஆர்கன்ஸா மாநிலத்தில் டார்டனெல் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஹென்றி கிப்ஸன் என்பவர் 1897இல் இதற்குக் காப்புரிமை பெற்றாராம். எனக்கு அது தங்கள் வீட்டுக் கிணற்று ராட்டினத்தின் குரலாகவே கேட்டது. அதற்கு ஐம்பது வருஷமாக எண்ணெய் போடாதது எவ்வளவு பெரிய தீர்க்கதரிசனம் என்று இப்போதுதான் புரிகிறது. எளிது, உரத்தது, ஆனால் இரண்டு கையும் வேண்டும், மழைத்துளி பட்டால் ஊமையாகிவிடும்.

அடுத்தது வாய்க்கூவி. குதிரை லாடம் போன்ற சிறு சட்டத்தில் மெல்லிய ரப்பர் சவ்வை இழுத்துக் கட்டியிருக்கும். அதை அண்ணத்தில் ஒட்டவைத்து ஊத வேண்டும். கை இரண்டும் துப்பாக்கிக்கு மிச்சம் என்பதால் நிபுணர்களுக்கெல்லாம் இதுவே உயிர். பெரியவர் இதில் ஏழெட்டு வைத்திருக்கிறார். ஒன்றன் கீறல் ஒரு மாதிரி, இன்னொன்றன் கீறல் வேறு மாதிரி. ஈரம் காயாமலும் ஒட்டிக்கொள்ளாமலும் இருக்கச் சவ்வுகளுக்கு நடுவே பல்குத்தும் குச்சியைச் செருகிக் குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார். நாகஸ்வர வித்வான் வாத்தியத்தில் கட்டித் தொங்கவிட்ட கொத்திலிருந்து ஒரு சீவாளியை எடுத்து, உதட்டில் வைத்து ஈரப்படுத்தி, முகம் சுளித்து, வேறொன்றை எடுப்பாரே, அதே சிரத்தை, அதே முகச்சுளிப்பு. நானும் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். வெளிப்பட்ட சப்தம் வான்கோழியினுடையது அன்று; காலையில் சாப்பிட்ட உப்புமா வெளிப்படுவதற்கு முன்னறிவிப்பு.

மூன்றாவது இறகெலும்புக்கூவி. பெட்டைக்கோழியின் இறக்கை எலும்புகள் மூன்றை ஒன்றில் ஒன்று பொருத்திச் செய்த குழல். உதட்டில் வைத்து உறிஞ்சினால் குரல் வரும். இந்தத் தேசத்துப் பூர்வகுடிகள் கண்டுபிடித்தது, ஆயிரக்கணக்கான வருஷப் பழமை உடையது, எல்லாவற்றிலும் இனிமையானது என்றெல்லாம் பெரியவர் புகழ்ந்தார். நான் கைகூப்பி மறுத்துவிட்டேன். வாங்கப் போனதே கால் என்று ஊரில் பேச்சு. எலும்பை வாயில் வைத்து உறிஞ்சினான் என்றும் வந்தால் நான் எந்த முகத்தோடு பாடலீசுவரர் சந்நிதியில் நிற்பது?

கடைசியாக வந்தது சிலேட்டுக்கூவி. மாமா, அது நம் சிலேட்டுத்தான். உள்ளங்கை அகலத்தில் வட்டமான மரச்சட்டத்துக்குள் கறுப்புக் கல் பலகை, கீறுவதற்குப் பலப்பம் போல ஒரு மரக்குச்சி. அதைக் கண்டதும் கடலூர் முனிசிபல் பள்ளிக்கூடத்து இரண்டாம் வகுப்பு என் முன்னே வந்து நின்றது. பலப்பத்தைச் சாய்த்துப் பிடித்துக் ‘கிரீச்’ என்று நான் இழுக்க, நாற்பது பிள்ளைகள் பல்கூசிக் காதைப் பொத்த, வாத்தியார் என் காதைத் திருகிய அந்த வித்தை விரலை விட்டுப் போகவில்லை. குச்சியை எடுத்துச் சிறிய வட்டமாக ஒரு கீறல் கீறினேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். இரண்டாவது கீறலுக்குப் பெரியவர் தொப்பியைக் கழற்றினார். உப்புத்தாளால் சிலேட்டைச் சிறிது தேய்த்துச் சொரசொரப்பாக்கிக் கொண்டால், குசுகுசுவென்று பேசும் பெட்டையின் உள்குரல்கூட வருகிறது. அறுபது வருஷத்துக்கு முன் தண்டனைக்குரியதாக இருந்த ஞானத்துக்கு இங்கே முப்பது டாலர் மதிப்பு.

ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வருமுன், கிள்ளைக்குப் போகும் வழியில், நரிக்குறவர் ஒருவர் வெறும் உதட்டால் கௌதாரியைக் கூவியழைக்க, புதருக்குள்ளிருந்து அது பதில் சொன்னதைத் தாங்கள் எனக்குக் காட்டினீர்கள். பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்து மற்றதை இழுப்பதற்குப் பழந்தமிழில் ‘பார்வை’ என்று பெயர் என்றும் சொன்னீர்கள். இங்கே பார்வைக்குப் பிளாஸ்டிக் பெட்டைகளை நட்டுவைக்கிறார்கள். அந்த மனிதருடைய தொண்டைக்கு முன்னே இந்தச் சுவர் முழுவதும் தூசு.

இந்தப் பறவைக்குப் பெயர் வைத்த கதை இன்னும் வேடிக்கை. ஆங்கிலேயர் இதைத் துருக்கியின் தலையில் கட்டினார்கள். துருக்கியரோ ‘ஹிந்தி’ என்று நம் தலையில் கட்டினார்கள். பிரெஞ்சுக்காரர் வைத்த பெயருக்கும் இந்தியாவிலிருந்து வந்தது என்றே பொருள். பரங்கிப்பேட்டையில் பண்டகசாலை வைத்திருந்த டச்சுக்காரர் கள்ளிக்கோட்டையின் பெயரைச் சூட்டிவிட்டார்கள். பிறந்த ஊரைத் தவிர எல்லா ஊரும் பெயரில் வந்துவிட்டன. நம் தேசத்துக்கு இது வந்த கதையில், 1612இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் பாதுஷாவிடம் ஒன்றைக் கொண்டுவந்து காட்ட, அவர் அதிசயித்துத் தம் சரித்திரக் குறிப்பில் வர்ணித்ததும், உஸ்தாத் மன்சூர் சித்திரம் தீட்டியதும் தெரிகின்றன. பாதுஷாவே புதுமை என்று வியந்த பறவையை, மயிலைப் பார்த்துத் தானும் ஆடியதாக மூதுரையில் ஔவையார் எப்படிப் பரிகசித்தார்? பாட்டுப் பிற்காலத்ததா, அல்லது அந்த வான்கோழி வேறு ஏதேனும் பறவையா? முப்பது வருஷம் மாணாக்கர்களுக்கு அதை நெட்டுருப் பண்ணுவித்த தாங்கள்தாம் இந்தச் சந்தேகத்தை நிவர்த்திக்க வேண்டும்.

நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். விடியற்காலை நாலரைக்கே எழுந்து ஸ்நானம் செய்து, திருநீறும் குங்குமமும் இட்டுப் புறப்பட்டேன். வண்டி விளக்கில் என் நெற்றியைப் பார்த்த பெரியவர் அலறிவிட்டார். சேவல் வான்கோழியின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருப்பதால், அந்த நிறங்களில் ஒன்றும் காட்டில் தெரியக் கூடாது. புதருக்கு அப்பால் உள்ள வேறு வேட்டைக்காரன் சேவலென்று எண்ணிச் சுட்டுவிடுவான். நெற்றியில் விபூதி இல்லாமல் வெளியே போகக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. இருந்தால் வீடு திரும்ப முடியாது என்பது இவர் கட்டளை. பச்சை வலைத் துணியால் முகத்தையே மூடிக்கொண்டு இரண்டு கட்டளைகளையும் காப்பாற்றினேன்.

ஒரு பெரிய கருவாலி மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தோம். கிழக்கு வெளுத்தது. நான் சிலேட்டை மெல்லக் கீறினேன். தூரத்து மேட்டிலிருந்து ‘களகளகள’ என்று பதில் வந்தது. சிறிது நேரத்தில் தொப்பென்று இறங்கும் சப்தம். பிறகு அந்தண்டைச் சரிவில், மாப்பிள்ளை முறுக்கோடு, தோகை விரித்து நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பெரியவர் கண்ணால் ‘கூவாதே’ என்றார். இங்கே ஆறு மணி, சிதம்பரத்தில் நாலரை.

என் சட்டைப்பையிலிருந்து மல்லாரி புறப்பட்டது. தங்கள் தொலைபேசி அழைப்புக்கென்று தனியாக வைத்திருக்கும் நாகஸ்வர மல்லாரி, தவிலோடு, கம்பீர நாட்டையில். கையுறையோடு பையைத் துழாவுகிறேன், பொத்தான் அகப்படவில்லை. சுவாமி புறப்பாடு ஓசார்க் காட்டில் முழங்குகிறது. ஆந்தை அலறினாலும், காக்கை கரைந்தாலும், இடி இடித்தாலும் அதிர்ந்து எதிர்முழக்கம் செய்வது இந்தச் சேவலின் சுபாவம் என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். தவிலின் ஒவ்வோர் அடிக்கும் கழுத்தை நீட்டிக் ‘களகளகள’ என்றது. முறுக்கெல்லாம் மறந்து, தோகையை மடக்காமல், தேருக்கு முன் நடக்கும் யானையைப் போல அசைந்தசைந்து முப்பது கஜத்துக்குள் வந்து நின்றது. அப்போதுதான் பொத்தான் அகப்பட்டுத் தங்கள் குரலைத் துண்டித்தேன்.

பெரியவர் சுடவில்லை. துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார். மின்சாரக் கூவியால் அழைத்த பறவையைச் சுடுவது இந்த மாநிலத்தில் சட்டவிரோதம். சட்டைப்பைத் தொலைபேசி அந்த வகையில் சேருமா என்று அவர் மனச்சாட்சியோடு வழக்காடி முடிப்பதற்குள் மாப்பிள்ளை ஊர்வலத்தை முடித்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார். எனக்கும் நிம்மதிதான், கொன்றவன் பாவத்தில் கூப்பிட்டவனுக்கு எத்தனை பங்கு என்று தங்களிடம் கேட்க வேண்டிய அவசியம் தப்பிற்று.

“கூப்பிட்டது யார்?” என்று கிசுகிசுத்தார் பெரியவர்.

“என் மாமா.”

“வேட்டைக்காரரா?”

“தமிழாசிரியர்.”

வெகு நேரம் மௌனமாக இருந்தார். வீடு திரும்பும் வழியில், அந்த வாத்தியம் என்ன மரம், எவ்வளவு நீளம் என்று விசாரித்தார். நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்வது, திருவாவடுதுறையில் சீவாளி கட்டுவார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பதிவு செய்த சங்கீதத்தைத்தான் சட்டம் தடுக்கிறது, ஒரு மனிதன் மரத்தடியில் உட்கார்ந்து தன் மூச்சால் ஊதினால் தடுக்காது என்பது அவருடைய அபிப்பிராயம். எனவே, என் மனைவி ஊர் திரும்பும்போது அவளிடம் இரண்டு சீவாளிகள் கொடுத்தனுப்ப வேண்டும். வாத்தியத்துக்கு என்ன விலை ஆகும் என்றும் விசாரித்து எழுத வேண்டும். எதற்கு என்று அவள் கேட்டால் தயவுசெய்து டர்க்கி என்ற சொல்லையே எடுக்காதீர்கள். மருமகன் சங்கீதம் பழகுகிறான் என்று மட்டும் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம். அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்.