நூலகப் பணியாளரிடையே அறிவுப் பரிமாற்றம்: பீரோவுக்குப் பின்புறம் ஒரு கள ஆய்வு

உலக அறிவு முழுவதையும் எண் போட்டு அடுக்கத் தெரிந்தவர்கள், தங்களுக்குள் புழங்கும் அறிவுக்கு மட்டும் எண் போடாமல் விட்டுவிட்டார்கள். நூலகவியலின் இப்பெருங்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வு எல்லை, ஒரு கிளை நூலகம். இன்னும் துல்லியமாகச் சொன்னால், அதன் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே டீ ஃபிளாஸ்க் வைக்கும் இடம்.

சீர்காழி தந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். எதையும் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்தாகப் பகுக்கலாம் என்பது அம்முறையைப் பின்னாளில் வளர்த்தபோது அவர் கண்ட முடிபு. நம் பொருளுக்கும் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆளுமை, ஓய்வுபெற ஓராண்டே இருக்கும் அக்கா. பருப்பொருள், டீ, வடையும் இருப்பின் சிறப்பு. ஆற்றல், மாவட்ட மைய நூலகத்துச் சுற்றறிக்கை கிளப்பிய எரிச்சல். நிலத்தையும் பொழுதையும் தொல்காப்பியரே முதற்பொருள் என்று சொல்லி முடித்துவிட்டார். பொழுது பதினொன்றரை மணி என்பதை மட்டும் சேர்த்துக்கொள்க.

இனிக் களச்சான்று. புதிதாக வேலைக்கு வந்த தம்பி கேட்கிறார்:

“அக்கா, பொன்னியின் செல்வன் மூணாவது பாகம் இருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டுது. ரேக்குல இல்லியே?”

“அது காட்டும். புக்கு ரிட்டயர்டு தாசில்தார் சார் வீட்டுல இருக்கு. அவர்கிட்ட கேட்டா கோச்சுக்குவாரு. அவர் இல்லாதப்ப போயி அம்மாகிட்ட கேளு, குடுத்துருவாங்க.”

ஐந்து பாகங்களுள் ‘கொலை வாள்’ என்னும் அப்பாகம் கணினியில் உண்டு, அலமாரியில் இல்லை, ஊருக்குள் உண்டு. உண்டு, இல்லை என்று காலங்காலமாக வாதிட்ட தருக்க நூலார்க்கும் இம்மூன்றாம் நிலை எட்டியிருக்குமா என்பது ஐயமே. மீட்கும் வழியும் அதே மூச்சில் சொல்லப்பட்டதை நோக்குக.

செய்முறை அறிவு வேறு வகை. பீரோக் கதவை இடக்கையால் சற்றுத் தூக்கிப் பிடித்தால்தான் சாவி திரும்பும். மேகம் திரண்டால் அறிவியல் ரேக்கை முதலில் நகர்த்த வேண்டும். ஓட்டை அதற்கு நேர் மேலே. இவற்றையெல்லாம் ஏன் ஒரு நோட்டில் எழுதி வைக்கவில்லை என்று அக்காவைக் கேட்டோம்.

“எழுதி வெச்சா ஆடிட்ல கேப்பாங்க சார்.”

வாய்மொழி மரபுகள் ஏன் அழியாமல் நிற்கின்றன என்பதற்கு இதனினும் வலுவான காரணம் எங்கள் கண்ணில் படவில்லை.

அக்கா ஓய்வுபெற்ற அன்று சால்வை போர்த்தினார்கள். சார்ஜ் லிஸ்டில் நாற்காலி, ஃபேன், ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் ஏறின. கதவைத் தூக்கும் நுணுக்கம் ஏறவில்லை. ஆகவே மறுநாளே தம்பியிடமிருந்து போன் போனது. பதில் சொன்ன கையோடு, “இந்த வாரம் விகடன் வந்துருச்சாப்பா? யாருக்கும் குடுக்காம எடுத்து வை” என்றார் அக்கா. இதனை இருவழிப் பரிமாற்றம் என வகைப்படுத்தியுள்ளோம்.