கொடி பிடித்த கோழி

கே: கோழிக்கெல்லாமா பாரம்பரியம்? (நாமக்கல்)

நாமக்கல்லிலிருந்தே இந்தக் கேள்வியா! உங்கள் ஊர்ப் பண்ணைக் கோழிக்கு பேட்ச் நம்பர்தான் உண்டு, பரம்பரை கிடையாது. அடைவைத்தால் தாயைப் போலவே குஞ்சு பொரிக்க வேண்டும், அதுதான் முதல் தகுதி. பிராய்லரில் அது நடக்காது. ஒவ்வொரு முறையும் கம்பெனி வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

கே: எத்தனை வருஷம் ஆனால் பாரம்பரியம்? (திருச்சி)

பென்ஷன் மாதிரி சர்வீஸ் கணக்கெல்லாம் இல்லை. கனடாவின் சான்டிக்ளேர் கோழி நூறு வயதைத் தாண்டியதே சமீபத்தில்தான். கியூபெக்கில் ஓகா மடத்தில் கோழிகளைப் பார்த்துக்கொண்ட துறவி பிரதர் வில்ஃப்ரிட். 1908 வாக்கில் அவர் கவனித்தது: அங்கே வளர்வதெல்லாம் வந்தேறிக் கோழிகள். பனியில் கொண்டை கருகும், குளிர்காலத்தில் முட்டை நின்றுபோகும். ஐந்து இனங்களைக் கலந்து, பொறுக்கி, கழித்து, பத்தாண்டு உழைத்தார். வந்து சேர்ந்த கோழிக்குக் கொண்டை ஒரு சின்ன மொட்டு, தாடியும் பேருக்குத்தான். பனி கடிக்க என்ன இருக்கிறது? குளிரிலும் முட்டை போட்டது. 1999-ல் கியூபெக் அரசு சட்டமே போட்டு, கனடிய மாடு, கனடிய குதிரையோடு இதையும் பாரம்பரிய இனம் என்றது.

கே: அஞ்சு ஊர்க் கோழியைக் கலந்தால் எப்படி அவர்கள் சொத்து? (மதுரை)

அந்த ஐந்தில் ஒன்று இங்கிலாந்தின் கார்னிஷ். கார்னிஷுக்கு ரத்தம் கொடுத்தது நம் அசில் சண்டைக்கோழி. பங்கு கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம்தான். ஆனால் அந்தக் குளிரில் நின்று எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று தீர்மானித்தவர் ஓகாக்காரர். கேஸ் நிற்காது.

கே: பிரான்ஸில் ஒரு கோழி தேசியக்கொடி நிறத்தில் இருக்கிறதாமே? (புதுச்சேரி)

பிரெஸ் கோழி. நீலக் கால், வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை. சல்யூட் அடிப்பது உங்கள் இஷ்டம். 1957-ல் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது நிறத்துக்காக மட்டுமல்ல. அந்த வட்டாரத்தில்தான் வளர வேண்டும். தலைக்கு 10 சதுர மீட்டர் புல்தரை வேண்டும். சென்னையில் சில மனிதர்களுக்கே அவ்வளவு இடம் கிடையாது. கடைசி நாட்களில் கூண்டில் அடைத்து தானியமும் பாலும் கொடுத்துத் தேற்றுவார்கள். அதே கோழி எல்லைக்கு அந்தப் பக்கம் வளர்ந்தால் பிரெஸ் என்று விற்க முடியாது.

கே: நம் நாட்டில்? (சேலம்)

கடக்நாத் கருங்கோழிக்கு மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவும் சத்தீஸ்கரின் தண்டேவாடாவும் மல்லுக்கட்டின. 2018-ல் புவிசார் குறியீடு ஜாபுவாவுக்கு. நதிநீருக்கு மட்டும்தான் மாநிலங்கள் சண்டை போடும் என்று நினைத்தீர்களா?

கே: பாரம்பரியக் கோழியை அடித்துத் தின்பது பாவமில்லையா? (தஞ்சாவூர்)

தின்னாமல் விடுவதுதான் ஆபத்து. வாங்க ஆளில்லாத கோழியை எவன் வளர்ப்பான்? ஒரு கட்டத்தில் சான்டிக்ளேரே அழிந்துவிட்டது என்று நினைத்தார்கள். சில சிறு பண்ணைக்காரர்கள் கைவிடாததால் தப்பியது. ஆகவே தாராளமாகக் குழம்பு வையுங்கள். முட்டையிடும் பெட்டையை விட்டுவிட்டு, உபரிச் சேவலில் ஆரம்பியுங்கள்.