விழுந்து எழுவதற்கும் ஒரு வகுப்பு

மினியாப்போலிஸ்

அன்புள்ள அண்ணனுக்கு,

"பாப்பா ஐஸ் சறுக்கலில் எத்தனாவது வகுப்பு?" என்று போனில் கேட்டீர்கள். ஒரு வரியில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் பேசிக் ஒன்று முதல் ஆறு வரை. பேசிக் ஒன்றில் முதல் பாடம் என்ன தெரியுமா? ஐஸ் மேல் உட்கார்ந்து எழுந்திருப்பது. ஜமுனாமரத்தூர் கோமுட்டேரிக் கரைச் சேற்றில் நாம் காசில்லாமல் படித்த படிப்பு! இங்கே அதற்கு ஃபீஸ் கட்டினேன்.

ஆறும் முடிந்த பிறகுதான் நிஜப் பரீட்சை. ப்ரீ-ப்ரிலிமினரியில் தொடங்கி கோல்டு வரை எட்டுப் படி. ஸ்கேட்டின் பிளேடுக்கு அடியில் நடுவே பள்ளம், இரு பக்கமும் கூர் விளிம்பு. பிள்ளை உள் விளிம்பில் சாய்கிறாளா, வெளி விளிம்பிலா என்று நடுவர்கள் போர்வைக்குள் இருந்தபடி உற்றுப் பார்க்கிறார்கள். குதிப்பதற்கும் சுழல்வதற்கும் தனிப் பரீட்சை, தனி ஃபீஸ்.

தேறாவிட்டால் தாளில் 'ஃபெயில்' கிடையாது, 'ரீட்ரை'தான். நம் கணக்கு வாத்தியாருக்கு இது தெரிந்திருந்தால் நான் ஆடு மேய்க்கப் போயிருக்க மாட்டேன்.

பாப்பா இப்போது ஆக்ஸல் என்ற குதிப்பில் மாட்டியிருக்கிறாள். மற்ற முக்கியக் குதிப்புகளில் பின்பக்கமாகப் போய் எழும்புவார்கள். இதில் மட்டும் முன்னால் பார்த்து எழும்பி, பின்பக்கமாக இறங்க வேண்டும். அதனால் ஒற்றை ஆக்ஸல் என்றாலே ஒன்றரைச் சுற்று. அந்த அரைச் சுற்றில்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் விழுகிறார்கள். இவள் சமையலறையிலும் பழகுகிறாள். கீழ் வீட்டுக்காரர் கூரையைத் தட்டுகிறார்.

இன்னொரு கதை, பாப்பா காதில் போட்டுவிடாதீர்கள். மிஷெல் குவான் என்ற பெண் 1992இல், 12 வயதில், பயிற்சியாளர் ஊரில் இல்லாத சமயம் பார்த்து, அவருக்குத் தெரியாமல் உச்சப் படியான கோல்டு பரீட்சைக்குப் போய்த் தேறிவிட்டாள். திரும்பி வந்த மனிதர் கொதித்துப்போனார். அவளோ பிற்பாடு ஐந்து தடவை உலக சாம்பியன். இது தெரிந்தால் நம் வீட்டில் யார் பேச்சு எடுபடும்?

அமெரிக்காவில் பிறந்த சறுக்கு வீராங்கனை தாரா பிரசாத், 2025இல் ஹார்பின் ஆசியக் குளிர்கால விளையாட்டில் இந்தியாவுக்காக ஆடினார். அன்றிலிருந்து பாப்பாவும் இந்தியாவுக்குத்தான் ஆடுவாளாம். அதற்கு ஒத்திகையாக, நம் ஊர்க் கோடை விழாவுக்கு வரும்போது உங்கள் களத்தில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்கிறாள்.

ஊற்றாதீர்கள் அண்ணா, சாமை காய வேண்டும்.

அன்புத் தம்பி