அஸ்தமனம் பார்க்கப் போகிறோம்

மல்லேசுவரம், பெங்களூரு

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது.

கடல் மட்டத்துக்கு மேல் 3,000 அடி உயரத்தில், எந்தத் திசையில் புறப்பட்டாலும் 300 கிலோமீட்டருக்குக் குறையாமல் பிரயாணம் செய்தாலன்றி ஓர் அலையைக் காண முடியாத இந்தப் பட்டணவாசிகளுக்குக் கடல் என்பது, தரங்கம்பாடியில் உங்களுக்கு இருப்பதுபோல் வாசலில் கிடக்கும் வஸ்து அன்று. லீவுக்கு எழுதிப் போட்டு, அறைக்கு முன்பணம் கட்டி, குடும்பமே கூடி விவாதித்து அடைய வேண்டிய ஐந்தாவது புருஷார்த்தம். டிசம்பர் விடுமுறையில் உடுப்பிக் கரையோரம் ஒரு ரிசார்ட்டில் தங்கி, அக்கம்பக்கத்து க்ஷேத்திரங்களையும் தரிசித்து வருவதென்று ஆடி மாதத்திலேயே முடிவாகிவிட்டது. விவாதம் மட்டும் இன்னும் முடியவில்லை.

1306-ல் குலசேகர பாண்டியன் எடுப்பித்து, பாதியைச் சமுத்திரராஜன் விழுங்கிவிட்ட மாசிலாமணிநாதர் கோயிலும், 1620-ல் டேனிஷ்காரர் எழுப்பத் தொடங்கிய கோட்டையும், போதாக்குறைக்கு உன் கைச் சமையலும் உங்கள் ஊரில் காத்திருக்க, எதற்காக அந்நிய சமுத்திரம் என்று நீ கேட்பாய். நானும் சபையில் அதையே கேட்டேன். காலேஜில் படிக்கும் பேத்தி ஒரே வாக்கியத்தில் என் வாயை அடைத்துவிட்டாள்: கிழக்குக் கடலில் சூரியன் உதிக்கிறான், அதைக் காண விடியுமுன் எழ வேண்டும், மேற்குக் கடலிலோ அஸ்தமிக்கிறான், அதுவும் மாலைக் காபி முடிந்த பிறகு. நள்ளிரவு வரையில் அமெரிக்காவோடு உத்தியோகம் பேசிவிட்டு எட்டு மணிக்குக் கண் விழிக்கும் ஒரு குடும்பத்தில் இந்த வாதத்துக்கு எதிர்வாதம் ஏது?

உடுப்பியில் மத்வாசாரியர் ஸ்தாபித்த எட்டு மடத்தாரும், கிருஷ்ணனைப் பூஜிக்கும் அதிகாரத்தை இரண்டு வருஷத்துக்கொரு முறை, பர்யாயம் என்னும் உற்சவத்தில், நூற்றாண்டுகளாகக் கைமாற்றி வருகிறார்கள். எங்கள் வீட்டிலோ ஒரே ஒரு சாயங்காலத்தை யார் ஆளுவதென்று தீர்மானிக்க முடியவில்லை. என் சகதர்மிணி, கொல்லூர் மூகாம்பிகையைச் சேவிக்காமல் திரும்பினால் யாத்திரையே பலிக்காது என்கிறாள். மருமகளுக்குக் கார்க்களத்தில் 1432-ல் நிறுவிய 42 அடிக் கோமடேசுவரரையும், மூடபித்ரியின் ஆயிரங்கால் சமண பஸதியையும், மணிப்பாலில் பழைய மாளிகைகளைப் பெயர்த்துக் கொணர்ந்து மறுபடி நிறுத்தியிருக்கும் கிராமத்தையும் காண வேண்டும். பேத்திக்கு மல்பேயிலிருந்து படகேறி செயின்ட் மேரீஸ் தீவுக்குப் போயாக வேண்டும், சுமார் 8.8 கோடி வருஷங்களுக்கு முன் மடகாஸ்கர் நம்மை விட்டுப் பாகம் பிரிந்து போன காலத்தில், எரிமலைக் குழம்பு இறுகிப் பலகோணத் தூண்களாய் நின்றுவிட்ட தீவு அது. மழைக்காலத்தில் படகு விடமாட்டார்கள் என்பதனால்தான் டிசம்பரே. மகனுக்கு ஓர் ஆசையும் இல்லை, தூங்க வேண்டும் என்பதைத் தவிர. இவ்வளவையும் அவன் எக்ஸெல் தாளில் வர்ண வர்ணமாகக் கட்டம் கட்டிப் பார்த்ததில், எதற்காகப் போகிறோமோ அந்தக் கடலுக்கு மிஞ்சியது மாலை நாலரை முதல் ஆறே கால் வரை. ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு அவன் கணினியை மூடிவிட்டான்.

ரிசார்ட்டின் சாஸ்திரம் தனி. அறை வாடகையோடு காலை ஆகாரமும் சேர்த்தி. அது பத்தரை மணி வரை நடக்கும். பணம் கொடுத்த பண்டத்தை விட்டுவிட்டு நிர்மால்ய தரிசனத்துக்கு ஓடுவது தர்மமாகாது என்பது வீட்டில் பெரும்பான்மையோர் கட்சி. 1924 முதல் இந்த ஊருக்கு இட்லி தோசை போடும் மாவள்ளி டிபன் ரூமின் மய்யா சகோதரர்களும் அந்த உடுப்பிச் சீமையிலிருந்து வந்தவர்களே; ஆக, அங்கிருந்து வந்த தோசையை அங்கேயே போய்த் தின்ன இத்தனை தூரம்!

கடல் தெரியும் அறைக்கு வாடகை அதிகம். படத்தை உருப்பெருக்கிப் பார்த்தேன்: இரண்டு தென்னைகளுக்கு நடுவே ஒரு சாண் நீலம். தாழ்ந்த குலத்தவரென்று வெளியே நிறுத்தப்பட்ட கனகதாசருக்காகக் கிருஷ்ணன் மேற்கே திரும்பி, சுவரைப் பிளந்து தரிசனம் தந்தான் என்று சொல்லி இன்றும் கனகன கிண்டி என்னும் அந்தப் பிளவைக் காட்டுகிறார்கள். பக்தருக்கு வாய்த்த பிளவுக்கு வாடகை இல்லை. எங்களுடையதற்கு வரியும் உண்டு.

உடை விஷயத்திலும் எனக்கொரு தர்மசங்கடம். கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். அது நமக்குப் பழக்கந்தான். ரிசார்ட்டின் குளத்திலோ வேட்டிக்கும் துண்டுக்கும் இடமில்லை, நைலான் உடுப்புப் போட்டுக்கொண்டாலொழிய இறங்கக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். காவேரியில் கோவணத்தோடு குதித்து வளர்ந்தவன், தண்ணீரில் இறங்க இந்த வயதில் உடுப்புத் தைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது!

போவது யசுவந்தபுரத்திலிருந்து பகல் ரயிலில். சக்லேஷ்புரத்துக்கும் சுப்ரமண்யாவுக்கும் இடையே மலைச்சரிவில் 57 சுரங்கங்கள். கண்ணாடிக் கூரை போட்ட பெட்டிக்கு அதிகக் கட்டணம் கொடுத்து, அத்தனை இருட்டையும் தெளிவாகப் பார்த்துக்கொண்டே போகலாம். இடையிடையே வெளிச்சம் வரும்போது அருவியும் காடும் தெரியுமாம்.

நீயும் அத்தானும் கட்டாயம் வர வேண்டும். மயிலாடுதுறையில் மைசூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலையில் இங்கே இறங்கிவிடலாம். முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. ஆகையால் திறந்தவுடன் பதிவு செய்ய, இருவர் வயதையும் ஆதாரில் உள்ளபடியே எழுதி அனுப்பு. முதியோர் கட்டணச் சலுகையை 2020-லேயே நிறுத்திவிட்டார்கள், எனவே குறைத்துச் சொல்வதில் உனக்குப் பண நஷ்டம் இல்லைதான். ஆனால் கீழ்ப் படுக்கை வேண்டுமானால் நாற்பத்தைந்துக்கு மேல் என்றாவது நீ ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி